கை வியர்த்தா என்ன செய்யிறது

எங்கட காலத்தில பள்ளிக்கூடத்தில பிரிஃபெக்ட், அதான் மாணவர் தலைவன், எண்டா ஏசத் தெரிஞ்சவன். பிந்தி வாறவனை கேற்றடியில மறிச்சு நாலு பேருக்கு முன்னால வெக்கப்படுத்தினா ஸ்டாஃப் ரூமில நல்ல பேர் வரும். வகுப்பில சோதினைப் பேப்பரைப் புள்ளி ஒழுங்கில வாசிச்சுக் குடுக்கிறதும், கடைசி வாங்குக்கு வரேக்க குரல் மாறுறதும் உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். அந்தக் குரல் பிளேன் ஏறி எங்களோட கனடாவில ஸ்காபரோவுக்கும் வந்திட்டுது, வேலையில சின்னதா ஏதும் பிசகினா மற்றவன் ஏச முதலே நாங்களே எங்களை 'மொக்கு' எண்டு ஏசிப்போடுவம்.

ஆனா அதே கிறவுண்டில இன்னொரு குரலும் கேட்டது. இல்லப் போட்டி ரிலே, எங்கட இல்லம்தான் முன்னுக்கு, கடைசி மாத்தில ஒருத்தன் தடியை விட்டிட்டு இருந்து அழுறான். விளையாட்டுப் பழக்கிற பி.டி. மாஸ்டர் பக்கத்தில வந்து குந்தி, "விழுந்திட்டுது, சரி. எல்லாற்ற கையும் வியர்க்கும்தான்டா. நாளைக்கு வா, மாத்திறதை மட்டும் பழகுவம்" எண்டார்.

கன வருசம் கழிச்சு, வேர்ஹவுஸில சூப்பர்வைசரா இருக்கேக்க ஒரு ட்ரெய்னிங்கில, கிறிஸ்டின் நெஃப் எண்ட அமெரிக்க உளவியலாளர் 2003ல எழுதின செல்ஃப் கம்பாஷனை, அதாவது தன்னில தானே இரக்கம் காட்டிறதை, பற்றிச் சொல்லிச்சினம். நடந்ததைக் கூட்டாமக் குறைக்காமப் பாக்கிறது, இது எல்லாருக்கும் வாறதுதான் எண்டு விளங்கிறது, தன்னோட அன்பாக் கதைக்கிறது. மூண்டையும் மாஸ்டர் ஒரு மூச்சில சொல்லி முடிச்சிட்டார் மனுசன்!

இப்பிடித் தடவிக் குடுத்தா சோம்பேறியாகிடமாட்டமோ எண்டுதான் எனக்குச் சந்தேகம். அமெரிக்காவில பேர்க்லி பல்கலைக்கழகத்தில பிரைன்ஸ், சென் எண்ட ரெண்டு பேர் 2012ல வெளியிட்ட ஆய்வில, கஷ்டமான சொல் சோதினை ஒண்டு குடுத்திட்டு, 'இது எல்லாருக்கும் கஷ்டம்தான், உங்களை நோகாதேங்கோ' எண்டு கொஞ்சப் பேருக்கும் 'நீங்கள் கெட்டிக்காரர்' எண்டு வேற கொஞ்சப் பேருக்கும் சொல்லியிருக்கினம். முதல் கூட்டம்தான் அடுத்த சோதினைக்குக் கூட நேரம் படிச்சது. எங்கட சேர்மாருக்கு ஒரு கொப்பி அனுப்பியிருக்கலாம்.

பழக்கம் லேசில போகாது, உள்ளுக்கு என்னை ஏசிற சூடுதான் வெளியில பெடியளில விழுறது, அதால முதல்ல என்னோட நான் கதைக்கிற விதத்தை மாத்தினனான். ஓடர் மாறிப் போனா ஒருக்கா மூச்சு விட்டிட்டு, சரி, ஆருக்கும் நடக்கும், எங்க பிசகினது எண்டு பாத்திட்டுத்தான் அவங்களிட்டப் போவன். அதுக்காகப் பிழையை விடுறேல்லை, மாறி ஏத்தின சாமானை இறக்கித் திருப்பி ஏத்தத்தான் வேணும். ஆனா முந்தி ஒளிச்சு வைச்ச ஆக்கள் இப்ப லொறி வெளிக்கிட முதலே வந்து சொல்லுறாங்கள், ஓவர்டைமும் குறைஞ்சிட்டுது.