வந்தியத்தேவன்–குந்தவை ஃபேன்ஃபிக்: எங்கே எழுதலாம், எங்கே சறுக்கும்

தமிழில் ஷிப் (ரசிகர்கள் சேர்த்துவைக்க விரும்பும் காதல் ஜோடி) என்று ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஃபேன்ஃபிக் (பிறர் படைத்த பாத்திரங்களை வைத்து ரசிகர்கள் எழுதும் கதை) எழுத உட்காருபவர்களில் பலர் கடைசியில் வந்து நிற்பது பொன்னியின் செல்வன் வாசலில்தான். காரணம் எளிது. ஐந்து பாகம், 293 அத்தியாயம் எழுதிய கல்கி, இந்த ஜோடியைச் சேர்த்து வைத்த காட்சிகள் மிகக் குறைவு. கல்யாணத்தைக் கண்ணில் காட்டவே இல்லை. ஆனால் கல்யாணம் நடந்ததற்குக் கல்லிலேயே சாட்சி இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு, ராஜராஜனின் அக்கா குந்தவைப் பிராட்டியாரை வல்லவரையர் வந்தியத்தேவரின் மகாதேவியார் என்றே சொல்கிறது. தன் ஷிப்புக்குக் கல்வெட்டு ஆதாரம் காட்டக்கூடிய ரசிகர் கூட்டம் உலகத்தில் வேறு எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்.

உரிமை பற்றிய பயம் வேண்டாம். கல்கி மறைந்தது 1954 டிசம்பரில். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு கழிந்தால் எழுத்து பொதுச்சொத்து. அவர் எழுத்துகள் அதற்கு முன்பே நாட்டுடைமையும் ஆகிவிட்டன. ஆனால் 2022லும் 2023லும் வந்த படங்களின் வசனமும் காட்சியமைப்பும் தனிச் சொத்து, அதை அப்படியே தூக்கிப் போடக் கூடாது. நாவலும் படமும் ஒன்றல்ல என்பதையும் மறக்க வேண்டாம். நாவலில் வந்தியத்தேவனைக் காதலிக்கும் மணிமேகலையே படத்தில் கிடையாது. நாவலை வைத்து எழுதுகிறீர்களா, படத்தை வைத்தா என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் பாதிப் பேர் "இது எப்போ நடந்துச்சு?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள்.

எழுதுவதற்கு முன் ஒரு நோட்டுப் போடுங்கள். இடப்பக்கம் பாகமும் அத்தியாய எண்ணும், நடுவில் இருவரும் இருக்கும் ஊர், வலப்பக்கம் "இந்த நேரத்தில் யாருக்கு என்ன தெரியும்". அந்த வலப்பக்கம்தான் உயிர். இந்த நாவலே ரகசியங்களின் மேல் ஓடுகிறது. குந்தவையின் தம்பி அருள்மொழியைக் காவேரியிலிருந்து காப்பாற்றிய ஊமைப் பெண் யார் என்று இலங்கைக்குப் போகும் முன்பே வந்தியத்தேவன் உங்கள் கதையில் யூகித்துவிட்டால் கதை அங்கேயே படுத்துவிடும். நான் படித்த ஃபிக்குகளில் அடிக்கடி கண்ணில் படும் ஓட்டை இதுதான். எழுதுபவர் ஐந்து பாகமும் படித்தவர், பாத்திரம் இன்னும் இரண்டாம் பாகத்தில்தான் இருக்கிறது.

அடுத்தது தூரம். குடந்தை சோதிடர் வீட்டில் முதல் சந்திப்பு, அரிசிலாற்றங்கரையில் பஞ்சடைத்த முதலை மேல் வேல் எறிந்து அசடு வழிந்தது, பழையாறையில் ஓலை கைமாறியது என்று ஆரம்பம் எல்லாம் சுற்றுவட்டாரத்திலேயே நடக்கிறது. பிறகு அவன் கோடிக்கரை, இலங்கை, காஞ்சி, கடம்பூர் என்று அலைகிறான், அவள் பெரும்பாலும் பழையாறையிலும் தஞ்சையிலும். காஞ்சியிலிருந்து பழையாறை 200 கிலோமீட்டருக்கு மேல். குதிரையைக் கொல்லாமல் ஓட்டினால் நாளுக்கு 40, 50 கிலோமீட்டர். ஆக ஐந்தாறு நாள், வழியில் ஆறு பெருக்கெடுத்தால் அதற்கும் மேல். தஞ்சையிலிருந்து பழையாறைக்கு ஒரு நாள் போதும். இந்தக் கணக்கை வைத்துப் பார்த்தால் காலையில் காஞ்சியில் ஏங்கிவிட்டு மாலையில் பழையாறை நந்தவனத்தில் நிற்க முடியாது. முடியாது என்பதுதான் உங்களுக்கு லாபம். ஓலை போய்ச் சேர ஐந்து நாள், பதில் வர ஐந்து நாள். பதில் வருவதற்குள் எழுதியவன் வேறு ஊரில் இருப்பான். ஸ்லோ பர்ன் (மெல்ல மெல்லக் கனியும் காதல்) எழுத இதைவிட வசதி வேண்டுமா?

ஓலையில் காதலைக் கொட்டவும் முடியாது. வழியில், தஞ்சைக் கோட்டையைக் கையில் வைத்திருக்கும் பழுவேட்டரையர் ஆட்கள் பிரித்துப் பார்க்கக்கூடும். அதனால் ஓலையில் அரசாங்கச் செய்தி, அதன் ஓரத்தில் ஒரே ஒரு வார்த்தை மட்டும் வேறு அர்த்தத்தில் என்று வைத்துப் பாருங்கள், தானாகக் கனம் ஏறும்.

வசனத்துக்கு வருவோம். அவன் அவளை "தேவி", "இளவரசி" என்பான். ஊரார்க்கு அவள் இளைய பிராட்டி. அவள் அவனை "ஐயா" என்பாள். அவன் நாட்டை இழந்த வாணர் குலத்து வாலிபன், அவள் சக்கரவர்த்தித் திருமகள், இந்த மேடு பள்ளம் ஒவ்வொரு வாக்கியத்திலும் இருக்க வேண்டும். இரண்டாம் பக்கத்திலேயே "டா", "செல்லம்" என்று இறங்கினால் அது வேறு யாரோ இருவர். அவன் சமாளிப்பது வாயால், அவள் ஜெயிப்பது கேள்வியால். இப்படி:

"ஓலை நனைந்திருக்கிறதே?"

"கடலில் விழுந்துவிட்டது, தேவி."

"ஓலையா, நீங்களா?"

"முதலில் நான். தனியாகப் போனால் கோபித்துக்கொள்வீர்களே என்று அதையும் கூட்டிப்போனேன்."

இதற்குப் பிறகு "அவள் இதயம் படபடத்தது" என்று விளக்கவுரை போடாதீர்கள். அவள் ஓலையை விரித்துக் காயவைத்தால் போதும்.

பின்னணியில் சறுக்கும் இடங்கள் எல்லாருக்கும் ஒரே மாதிரிதான். மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, முந்திரி, கொய்யா, பப்பாளி எதுவும் பத்தாம் நூற்றாண்டுச் சோழநாட்டில் கிடையாது, எல்லாம் போர்த்துக்கீசியர் வந்த பிறகு வந்தவை. காரம் வேண்டுமென்றால் மிளகு. நேரத்துக்கு நாழிகை, 24 நிமிடம். ஏழரை நாழிகை ஒரு சாமம். நிலவு பற்றி எழுதுகிறவர்கள் திதியைப் பாருங்கள். பௌர்ணமி நிலா சூரியன் மறையும்போதே எழுந்துவிடும், நள்ளிரவில் கிழக்கே எழும்ப வேண்டுமென்றால் அது தேய்பிறை அஷ்டமியை ஒட்டிய பாதி நிலா. காவேரியும் அப்படித்தான். ஆடியில் புதுவெள்ளம், ஐப்பசி கார்த்திகையில் மழை வெள்ளம். பங்குனி சித்திரையில் ஓடக்காட்சி வைத்தால் ஓடம் மணலில் தட்டும்.

இப்போது மணிமேகலை. இந்த ஷிப்பில் எழுதுபவர்கள் செய்யும் பெரிய அநியாயம் அவளை வில்லியாக்குவது. கடம்பூர் சம்புவரையர் மகள், கந்தமாறன் தங்கை. வந்தியத்தேவன் மேல் கொலைப்பழி விழுந்தபோது தான்தான் குந்தவையின் அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்றதாகச் சொன்னவள். நாவலின் கடைசி அத்தியாயமே அவள் சாவுதான். அவளைப் பொறாமைக்காரியாக்கிக் குந்தவைக்கு வழிவிட வைத்தால் குந்தவையும் சேர்ந்து சிறுத்துப்போவாள். அந்தச் சாவுக்குப் பிறகு வந்தியத்தேவனால் எத்தனை மாதம் சிரிக்க முடிந்திருக்கும், குந்தவை அதைக் கேட்டாளா, கேட்காமலே விட்டாளா என்று எழுதுங்கள். என் கணக்கில் இந்த ஜோடிக்கு இதைவிட நல்ல கரு கிடையாது.

காலி இடம் அதோடு முடியவில்லை. நாவல் முடிவதற்கும் 985இல் அருள்மொழி ராஜராஜனாக முடிசூடுவதற்கும் இடையே பத்துக்கும் மேற்பட்ட ஆண்டுகள் சும்மா கிடக்கின்றன, உத்தம சோழன் ஆட்சிக்காலம். கல்யாணம் அதற்குள் எங்கே வேண்டுமானாலும் நடக்கலாம். இன்னும் தள்ளிப் போனால் பெரிய கோயில் 1010இல் நிறைவு பெறுகிறது. அதில் குந்தவை தன் தந்தைக்கும் தாய்க்கும் படிமம் எடுத்து வைத்தாள் என்று கல்வெட்டு இருக்கிறது. தலை நரைத்த குந்தவையும் வந்தியத்தேவனும் அந்தப் பிராகாரத்தில் நடக்கும் ஒரு ஒன்ஷாட்டை (ஒரே அத்தியாயத்தில் முடியும் கதை) யாராவது எழுதினால் முதல் ஆளாகப் படிப்பேன். ஒரே எச்சரிக்கை: ராஜராஜன் மகளுக்கும் குந்தவை என்றுதான் பெயர், வேங்கி விமலாதித்தன் மனைவி. பெயரை மட்டும் பார்த்துத் தரவு எடுத்தால் அத்தையும் மருமகளும் ஒரே ஆளாகிவிடுவார்கள்.

மாடர்ன் ஏயு (அதே பாத்திரங்களை இன்றைய காலத்தில் வைக்கும் மாற்று உலகக் கதை) எழுதுகிறவர்களுக்கு ஒன்றுதான் சொல்ல இருக்கிறது. இருவரையும் ஒரே ஐ.டி. கம்பெனியில் பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார வைத்தால் ஷிப் முழுகிவிடும். மேடு பள்ளம் வேண்டும், இடையில் ஒரு கடமை வேண்டும், அவள் அனுப்பும் வேலைக்கு அவன் தூரதேசம் போக வேண்டும்.

முதல் முயற்சிக்கு ட்ராபிள் என்ற குட்டிக்கதை நல்லது, சரியாக 100 வார்த்தை. தமிழில் வேற்றுமையும் காலமும் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் ஆங்கில ட்ராபிளைவிடக் கூடுதல் சரக்கு பிடிக்கும். 99இலோ 101இலோ நிறுத்தினால் ரசிகர்கள் எண்ணிக் காட்டுவார்கள்.

ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன் என்ற ஃபேன்ஃபிக் தளத்தில் போடுவதானால் கணக்குக்கு அழைப்பு கேட்டுக் காத்திருக்க வேண்டும். மொழியில் தமிழைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு பெயருக்கு நடுவே சாய்கோடு போட்டால் காதல், "&" போட்டால் நட்பு அல்லது உறவு. குந்தவைக்கும் அருள்மொழிக்கும் நடுவே கைதவறிச் சாய்கோடு போட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. மணிமேகலை சாகிறாள் என்றால் முக்கியப் பாத்திர மரணம் என்ற எச்சரிக்கையைப் போட்டுவிடுங்கள், நாவல் படிக்காமல் படம் மட்டும் பார்த்து வருபவர்கள் உண்டு. காசு கேட்டு இணைப்புக் கொடுப்பதற்கு அங்கே அனுமதி இல்லை. வரைவாகச் சேமித்த கதை ஒரு மாதத்தில் தானாக அழிந்துவிடும், ஆகவே மூலப்பிரதி உங்கள் கணினியில் இருக்கட்டும்.