அகலமான வண்ண வரம்பு வேறு, சரியான வண்ணம் வேறு

மானிட்டர் விவரத்தில் '125% எஸ்ஆர்ஜிபி' என்று பார்த்ததும் வண்ணம் துல்லியமாக வரும் என்று நம்பிவிடாதீர்கள். எஸ்ஆர்ஜிபி (sRGB) என்பது இணையமும் சாதாரணத் திரைகளும் பின்பற்றும் பொது வண்ண வரம்பு. எவ்வளவு அழுத்தமான நிறம் வரை அந்தத் திரையால் எட்ட முடியும் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. அதுவும் வண்ண வரைபடத்தில் அந்தத் திரையின் வரம்பு பிடிக்கும் வெறும் பரப்பளவு. ஒரு மூலையில் நீண்டு இன்னொரு மூலையில் குறைந்தாலும் 125% வரும். எஸ்ஆர்ஜிபி வரம்பில் எவ்வளவு பங்கைத் திரையால் காட்ட முடியும் என்று சொல்லும் 'கவரேஜ்' என்ற எண்ணைத் தேடுங்கள். அது 100%-ஐத் தாண்டாது.

அகலமான வரம்பால் வரும் தொல்லையை ஓர் எண்ணிலேயே பார்க்கலாம். எஸ்ஆர்ஜிபி படத்தில் 255, 0, 0 (சிவப்பு, பச்சை, நீல அளவுகள்) என்று இருக்கும் சிவப்பை, அதைவிட அகலமான வரம்புள்ள டிஸ்ப்ளே பி3 திரையில் அதே சிவப்பாகக் காட்ட, ஏறத்தாழ 234, 51, 35 என்று அனுப்ப வேண்டும். இந்த மாற்றத்தைச் செய்வதுதான் கலர் மேனேஜ்மென்ட். அது இல்லாத செயலி 255, 0, 0-ஐ அப்படியே தள்ளிவிடும். முகமெல்லாம் சிவந்து, புல் கண்ணைப் பறிக்கும். அதைப் பார்த்து நிறத்தைக் குறைத்துப் படத்தைத் திருத்தினால், மற்றவர்களின் சாதாரணத் திரையில் அது வெளிறிப்போய்த் தெரியும்.

இணையத்துக்கான வேலை மட்டும் என்றால் மானிட்டர் மெனுவில் எஸ்ஆர்ஜிபி மோடைப் போட்டுக்கொள்வதே எளிய வழி. பல மாடல்களில் அப்போது பிரைட்னஸை மாற்ற முடியாது. வாங்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.

அளந்து சரிசெய்ய, திரையின் நிறத்தை அளக்கும் கருவியான கலரிமீட்டர் வேண்டும். திரையை அரை மணி நேரம் ஓடவிட்டு, டைனமிக் கான்ட்ராஸ்ட் (காட்சிக்கேற்ப வெளிச்சத்தைத் தானாக மாற்றும் வசதி), நீல ஒளி வடிகட்டி இரண்டையும் அணைத்துவிட்டு அளங்கள். இலக்கு: வெண்மை டி65 (பகல் வெளிச்சத்தை ஒத்த வெள்ளை), காமா (கருமையிலிருந்து வெண்மை வரை வெளிச்சம் ஏறும் விதம்) 2.2, வெளிச்சம் சுமார் 120 நிட் (திரை வெளிச்சத்தின் அலகு). மென்பொருளில் பேக்லைட் (திரையின் பின்னொளி) வகையைத் தவறாகத் தேர்ந்தால் வெள்ளையிலேயே பச்சையோ இளஞ்சிவப்போ ஏறிவிடும்.

அளந்த பிறகு கிடைக்கும் ஐசிசி புரொஃபைலில் (திரையின் நிறத் தன்மையைக் குறித்துவைக்கும் கோப்பு) இரண்டு வேலைகள் அடங்கியிருக்கின்றன. சாம்பல் நிறச் சமநிலையைத் திருத்தும் வளைவுகள் கிராஃபிக்ஸ் கார்டில் ஏறி எல்லாச் செயலிக்கும் பொருந்தும். வண்ண வரம்புத் தகவலையோ கலர் மேனேஜ்மென்ட் உள்ள செயலிகள் மட்டுமே படிக்கும். இன்னொன்று, புரொஃபைல் எந்த மோடில் எடுக்கப்பட்டதோ அந்த மோடுக்கு மட்டும்தான் செல்லும். பலரும் சறுக்குவது இங்கேதான்: மெனுவில் மோடை மாற்றிவிட்டுப் பழைய புரொஃபைலை அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

கடைசியில் டெல்டா ஈ அறிக்கை. வர வேண்டிய நிறத்துக்கும் திரையில் வந்த நிறத்துக்கும் உள்ள வேறுபாடுதான் டெல்டா ஈ. சராசரி 2-க்குக் கீழ் இருந்தால் நல்ல திரைதான். ஆனாலும் உச்ச மதிப்பு எந்த நிறத்தில் விழுந்திருக்கிறது என்று பாருங்கள். அடர் நீலத்தில் 4 இருந்தால் பெரும்பாலும் கண்ணில் படாது; சாம்பலிலோ தோல் நிறத்திலோ 4 இருந்தால் உடனே தெரியும்.