உகாலி கிண்டப் பழகிய கதை

நைரோபிக்கு வந்த முதல் மாதம், பக்கத்து வீட்டு அம்மா ஒருநாள் மாலை என்னைத் தன் சமையலறைக்குள் கூப்பிட்டு, கையில் ஒரு மரத்துடுப்பைக் கொடுத்தார். அதற்கு இங்கே ம்விகோ என்று பெயர். தட்டையாக, அகலமாக இருக்கும். அவரை நான் மாமா என்றுதான் கூப்பிடுகிறேன். சுவாஹிலியில் மாமா என்றால் அம்மா.

முந்தின வாரம் நானே உகாலி, அதாவது இங்கே சாப்பிடும் மக்காச்சோள மாவுக் களி, செய்து பார்த்து, வெதுவெதுப்பான தண்ணீரில் மாவு முழுவதையும் ஒரேயடியாகக் கொட்டியிருந்தேன். வெளியே கெட்டி, உள்ளே பச்சை மாவு. அதைச் சொன்னதும்தான் இந்த அழைப்பு.

இருவருக்கு அளவு இது: இரண்டு டம்ளர் தண்ணீர், கிட்டத்தட்ட அதே அளவு வெள்ளை மக்காச்சோள மாவு. உப்பு கிடையாது. தண்ணீர் தளதளவென்று கொதிக்க வேண்டும். முதலில் ஒரு கைப்பிடி மாவு தூவி, கஞ்சி மாதிரி கொதிக்க விடுங்கள். அப்புறம் மீதியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, தீயைக் குறைத்துக் கிண்டுங்கள். கிண்டுவது என்றால் சுற்றுவது இல்லை. துடுப்பால் மாவைப் பாத்திரத்தின் ஓரத்தில் வைத்து அழுத்தித் தேய்க்க வேண்டும், திருப்பிப் போட வேண்டும், மறுபடி அழுத்த வேண்டும். கட்டிகள் உடைவது அந்த அழுத்தத்தில்தான்.

ஐந்து நிமிடத்தில் எனக்கு மணிக்கட்டு வலித்தது. ஆயிற்றா என்று பார்த்தேன். "படோ" என்றார் மாமா. இன்னும் இல்லை என்று அர்த்தம். ஓரங்களைக் கூட்டி உருண்டையாக்கி, மூடி வைத்து, சிறுதீயில் விட்டார். கொஞ்ச நேரத்தில் சோளக்கதிர் சுடும் வாசனை வந்தது. பாத்திரத்தின் ஓரத்தை விட்டு மாவு தானாகப் பிரிந்து நின்றது. அப்போதுதான் தட்டில் கவிழ்த்தார். கடிகாரத்தை விட அந்த வாசனையை நம்புங்கள். புதிதாகச் செய்பவர்கள் தோற்பது பெரும்பாலும் இந்தக் கடைசிப் பத்து நிமிடத்தை விட்டுவிடுவதால்தான்.

தொட்டுக்கொள்ள சுகுமா விக்கி. 'வாரத்தைத் தள்ளு' என்று பொருள். கைச்செலவு சுருங்கிய நாட்களிலும் வாரத்தை ஓட்டிவிட உதவும் கீரை. கழுவி, நடுத்தண்டை நீக்கி, இலைகளைச் சுருட்டி நூல் நூலாக அரிய வேண்டும். எண்ணெயில் ஒரு வெங்காயம், இரண்டு தக்காளி வதக்கி, கீரையும் உப்பும் போட்டு ஐந்தாறு நிமிடம் புரட்டினால் போதும். நிறம் பச்சையாகவே இருக்கும்போது இறக்கிவிடுங்கள். மஞ்சள்தூள், மிளகாய்த்தூள் பக்கம் கை போகும், தயவுசெய்து வேண்டாம். கீரையின் லேசான கசப்பும் தக்காளியின் புளிப்பும் சேர்ந்து உப்பில்லாத உகாலிக்கு அவ்வளவு பொருத்தம்.

வலது கையால் கொஞ்சம் கிள்ளி, உருட்டி, கட்டைவிரலால் குழி செய்து, அதில் கீரையை அள்ளிச் சாப்பிட வேண்டும்.

ஊரிலிருந்து செய்து பார்ப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கடையில் கார்ன்ஃப்ளவர் என்று விற்பது வெறும் மாச்சத்து, அதில் உகாலி வராது. வடஇந்தியர் ரொட்டிக்கு வாங்கும் மக்காச்சோள மாவை வாங்குங்கள். மஞ்சளாக இருக்கும், பரவாயில்லை. சுகுமாவுக்குப் பதில் நூக்கல் இலை நன்றாக இருக்கும். இரண்டும் ஒரே இனத்துச் செடிகள்தான்.

எனக்குச் சொந்த ஊர் தர்மபுரி. அம்மா கேழ்வரகுக் களி கிண்டும்போது பாத்திரத்தைக் காலால் அணைத்துக்கொண்டு துடுப்பைப் பிடிப்பதைப் பார்த்து வளர்ந்தவன். மக்காச்சோளம் இங்கே அமெரிக்கக் கண்டத்திலிருந்து பிற்காலத்தில் வந்த பயிர். அதற்கு முன் உகாலி கிண்டியது வெள்ளைச் சோளத்திலும் கேழ்வரகிலும்தான். கேழ்வரகோ கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலத்தில் பிறந்து, ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே நம் பக்கம் வந்தது. இங்கே அதன் பெயர் விம்பி. போன வாரம் மாமா விம்பி மாவு கலந்து உகாலி கிண்டித் தந்தார். எங்கள் வீட்டுக் களியின் அதே நிறம். படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். "இன்னும் கொஞ்சம் கிண்டியிருக்கலாம்" என்று பதில் வந்தது.

இன்று இரவு காய்ந்த மக்காச்சோளமும் பீன்ஸும் ஊறப் போட்டிருக்கிறேன். நாளைக்கு கிதேரி.