ராட்வைலர் கடித்த பிறகு: ஆஸ்பத்திரி, ஸ்டேஷன், கோட்டாட்சியர் அலுவலகம்

கடித்தது தெருநாய் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் ஏறி இறங்கிய ஒவ்வொரு அலுவலகத்திலும் இதைச் சொல்லியே வாய் வலித்துவிட்டது. நாய் என்று ஆரம்பித்தாலே பஞ்சாயத்துப் பக்கம் கையைக் காட்டிவிடுகிறார்கள், பிறகு பேச்சு நாய் பிடிக்கிற வண்டி, கருத்தடை என்று எங்கேயோ போய்விடுகிறது. எங்கள் அப்பாவைக் கடித்தது காம்பவுண்டு சுவரும் இரும்பு கேட்டும் உள்ள வீட்டில், சிங்கப்பூரில் இருக்கும் மகன் பணம் அனுப்பி வாங்கிக் கொடுத்து வளர்கிற ராட்வைலர்.

எங்களுடையது குடமுருட்டிக் கரையில் ஒரு ஊர். தெருவில் பாதி வீட்டில் வயதானவர்கள் மட்டும்தான் இருக்கிறார்கள், பிள்ளைகள் சிங்கப்பூர், துபாய், திருப்பூர் என்று போய்விட்டார்கள். வீட்டைப் பெரிதாகக் கட்டியாகிவிட்டது, உள்ளே இருக்க ஆள் இல்லை, அதனால் காவலுக்கு ஒரு நாய். முன்பெல்லாம் தெருவில் ஒரு குட்டியைத் தூக்கி வந்து சோறு போடுவார்கள், கொஞ்சம் வசதியானவர்கள் ராஜபாளையமோ சிப்பிப்பாறையோ வாங்குவார்கள். இப்போது போனில் படம் பார்த்து வாங்குகிறார்கள். ராட்வைலர் ஜெர்மனியில் மாடு ஓட்டவும் கசாப்புக்காரர்களின் வண்டி இழுக்கவும் வளர்த்த இனம், வளர்ந்த ஆண் நாய் 50 கிலோ வரும், அதற்கு மேலும் வரும். குளிருக்கு ஏற்ற அடர்ந்த ரோமம் வேறு. அதைச் சித்திரை வெயிலில் போர்ட்டிகோ தூணில் இரண்டு முழச் சங்கிலியில் கட்டிப் போட்டிருந்தார்கள். பார்த்துக்கொள்பவர் எழுபது வயதைத் தாண்டிய, முழங்கால் வலியோடு நடக்கிற சித்தப்பா (ரத்த உறவு இல்லை, தெருவில் அப்படித்தான் கூப்பிடுவோம்). அவர் அந்த நாயை நடக்கக் கூட்டிப் போய் நான் ஒருநாளும் பார்த்ததில்லை. போனால் அதுதான் அவரைக் கூட்டிப் போகும்.

குறுவை அறுப்பு சமயம். அப்பா சைக்கிளில் வயலுக்குப் போய்க்கொண்டிருந்தார், அந்த வீட்டில் கார் வெளியே வர கேட்டைத் திறந்தார்கள், நாயை அன்றைக்குக் கட்டியிருக்கவில்லை. கெண்டைக்காலைப் பிடித்தது விடவில்லை. கார் டிரைவரும் களத்தில் நின்ற இரண்டு பேரும் வந்து பிரித்தார்கள். நாட்டு நாய் கடித்தால் பல் பதியும். இது சதையைக் கிழித்திருந்தது. இனத்தைப் பற்றிப் பேசினால் சிலருக்குக் கோபம் வருகிறது, எல்லா நாயும் கடிக்கும் என்கிறார்கள். கடிக்கும்தான், ஆனால் தாடையும் எடையும் ஒன்றில்லையே.

அம்மா மஞ்சளோடு வந்துவிட்டார், பக்கத்து வீட்டு அக்கா சுண்ணாம்போடு வந்தார். இரண்டையும் வைக்க விடவில்லை. போர் மோட்டாரைப் போட்டு, ஓடுகிற தண்ணீரில், சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவினோம், அப்பா கத்தக் கத்த. மற்றதை எல்லாம் விட்டாலும் இதை விடாதீர்கள், ரேபிஸ் கிருமியைக் குறைப்பதில் அந்தக் கழுவலுக்குப் பெரிய பங்கு உண்டு என்று பிறகு டாக்டரும் சொன்னார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் டி.டி. ஊசியும் ரேபிஸ் தடுப்பூசியின் முதல் டோஸும் போட்டார்கள். ஆனால் தோல் கிழிந்து ரத்தம் வந்த கடி மூன்றாம் வகை, அதற்குத் தடுப்பூசி மட்டும் போதாது, இம்யூனோகுளோபுலின் என்று ஒன்றைக் காயத்துக்குள்ளும் காயத்தைச் சுற்றியும் குத்த வேண்டும். தடுப்பூசி உடம்பில் வேலை செய்ய நாளாகும், அதுவரை காயத்திலேயே கிருமியை மடக்க இது. உடல் எடையைப் பார்த்துத்தான் அளவு. அது அங்கே இருப்பு இல்லை, பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். முதல் ஊசி போட்டு ஏழு நாளைக்குள் இதைப் போடலாம் என்றாலும் அன்றைக்கே போட்டுவிடுவதுதான் நல்லது என்றார்கள், போய்ப் போட்டுக்கொண்டோம். தையல் கேட்டார் அப்பா. நாய்க்கடியை உடனே தைப்பதில்லை என்று கட்டு மட்டும் போட்டு அனுப்பினார்கள். தோலுக்கு அடியில் போடுகிற தடுப்பூசி 0, 3, 7, 28 என்ற கணக்கு, கடைசி 28-ஆம் நாள் ஊசியை நிறையப் பேர் காயம் ஆறியதும் விட்டுவிடுகிறார்களாம். அப்பாவும் விடப் பார்த்தார்.

ஆஸ்பத்திரியில் இன்னொன்று செய்தாக வேண்டும். நாய் கடித்தது என்று மட்டும் சொல்லாமல், யார் வீட்டு நாய், எந்த இடம், எத்தனை மணி என்று சொல்லி விபத்துப் பதிவேட்டில் எழுத வைக்க வேண்டும். ஏ.ஆர். காப்பி என்பார்கள். பிறகு ஸ்டேஷனில் முதலில் கேட்டது அதைத்தான். அது இல்லாமல் போயிருந்தால் அப்பா முள்கம்பியில் கிழித்துக்கொண்டார் என்றுகூடச் சொல்லியிருப்பார்கள்.

அன்று சாயங்காலம் சித்தப்பா வீட்டுக்கு வந்தார். வருத்தப்பட்டார், பொய்யான வருத்தம் இல்லை. "நாய்க்கு ஊசியெல்லாம் போட்டதுதான் தம்பி, பயப்படாதீங்க" என்றார். கார்டைக் கேட்டேன். மகனிடம் போனில் இருக்கிறது என்றார். வந்த படத்தில் கடைசி ஊசி போட்ட தேதி ஒரு வருஷத்துக்கு மேலே இருந்தது. அதோடு, சனியனை நாளைக்கே புதுக்கோட்டைப் பக்கம் ஒரு தோப்புக்கு அனுப்பிவிடுகிறேன் என்றார், நமக்கு நல்லது செய்வதாக நினைத்து. கூடாது என்று கையைப் பிடித்துச் சொன்னேன். கடித்த நாய் 10 நாள் கண் முன்னால் இருக்க வேண்டும், அதற்குள் அது செத்தாலோ நடத்தை மாறினாலோ டாக்டருக்குத் தெரிய வேண்டும். நாய் நன்றாக இருக்கிறது என்று ஊசியை நாமாக நிறுத்தவும் கூடாது. கால்நடை மருத்துவரிடம் சொல்லி, அவர் வந்து பார்த்துக் குறித்துக்கொண்டு போனார்.

இதற்குள் மாமா மகன் ஒருவன் மொபைலில் ஒரு உத்தரவைக் காட்டி, ராட்வைலரே தடை செய்யப்பட்ட இனம், ஒரே மனுவில் தூக்கிவிடலாம் என்று குதித்தான். 2024 மார்ச் 12 அன்று மத்திய கால்நடைத் துறை மாநிலங்களுக்கு எழுதிய கடிதம் அது. பிட்புல், ராட்வைலர், கேன் கோர்சோ, டோகோ அர்ஜென்டினோ என்று 23 வகைகளைச் சொல்லி, இறக்குமதி, இனவிருத்தி, விற்பனைக்கு அனுமதி தராதீர்கள், ஏற்கெனவே வளர்ப்பவற்றுக்குக் கருத்தடை செய்யுங்கள் என்று இருந்தது. சம்பந்தப்பட்டவர்களைக் கேட்காமல் போட்டது என்று கர்நாடக உயர் நீதிமன்றம் அந்த ஏப்ரலிலேயே ரத்து செய்துவிட்டது. அடுத்த மாதம் சென்னையில் மாநகராட்சிப் பூங்காவில் இரண்டு ராட்வைலர்கள் ஐந்து வயதுப் பெண் குழந்தையைக் குதறின. அந்தச் சூட்டில் தமிழ்நாட்டிலும் 23 இனத்துக்குத் தடை என்று ஒரு அறிவிப்பு வந்து, வந்த வேகத்தில் திரும்பப் போனது. 2025 ஆகஸ்டில் ஜாபர்கான்பேட்டையில் பிட்புல் கடித்து ஒருவர் இறந்தே போனார். ஒவ்வொரு முறையும் தடை தடை என்று ஒரு வாரம் பேச்சு. எங்கள் ஊர் கேட்டுக்கு அதனால் ஒரு தாழ்ப்பாள்கூட வரவில்லை. கால்நடை மருத்துவர் தெளிவாகச் சொன்னார்: "இனத்தை வச்சு மனு எழுதாதீங்க, நிக்காது. ஆளை வச்சு எழுதுங்க."

ஆளை வைத்து எழுத ஒரு பிரிவு இருக்கிறது. புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 291, பழைய ஐ.பி.சி.யில் 289. தன் வசமுள்ள விலங்கால் மனித உயிருக்கோ, கொடுங்காயத்துக்கோ வாய்ப்புள்ள ஆபத்தைத் தடுக்கப் போதுமான ஏற்பாட்டைத் தெரிந்தோ அலட்சியமாகவோ செய்யாமல் விட்டால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நான் உரக்கடை வைத்திருப்பவன், வக்கீல் இல்லை. ஆனாலும் இதைப் படித்தபோது இரண்டு விஷயம் பிடிபட்டது. இனம் என்ற பேச்சே அதில் இல்லை. கடித்திருக்க வேண்டும் என்றும் இல்லை, தடுக்கிற ஏற்பாடு செய்யாமல் விட்டாலே குற்றம். ஸ்டேஷனில் முதலில் "நாய் மேல எப்படிங்க கேஸ் போடுறது?" என்று சிரித்தார்கள். மனுவில் பிரிவு எண்ணையும் ஏ.ஆர். காப்பியையும் திறந்த கேட்டின் படத்தையும் வைத்த பிறகு சிரிப்பு நின்றது, மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தார்கள். வாங்காமல் வரக் கூடாது என்று தெரிந்த வக்கீல் ஒருவர் சொல்லி அனுப்பியிருந்தார். அப்படியும் வழக்குப் பதிய மறுத்தால் மனுவை எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம், அதற்கும் பதில் இல்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம், புதுச் சட்டத்திலும் அந்த வழி இருக்கிறது.

சித்தப்பா ஸ்டேஷனில் சொன்னது: "நாய் என் பேர்ல இல்லீங்க, பையன் வாங்குனது." வாங்கியவர் யார் என்று பிரிவு கேட்கவில்லை, யார் வசம் இருக்கிறது என்றுதான் கேட்கிறது என்று எஸ்.ஐ. அவரிடம் எடுத்துச் சொன்னார். பெரியவர் முகம் வாடிப்போனது, எனக்கே சங்கடமாக இருந்தது. ஆயிரக்கணக்கான மைல் தள்ளி உட்கார்ந்து வீடியோ காலில் நாயைக் கொஞ்சுபவன் ஒருவன், ஸ்டேஷன் பெஞ்சில் உட்காருபவர் இன்னொருவர்.

அதற்கப்புறம் தெருவே வீட்டுக்கு வந்தது. ஒரே ஊரு, நாளைக்கு ஒரு நல்லது கெட்டது என்றால் முகத்தில் முழிக்க வேண்டாமா, ஆஸ்பத்திரி செலவை வாங்கிக்கொண்டு விடுங்கள். அப்பாவும் இளகிவிட்டார். எனக்குச் செலவு பிரச்சினையே இல்லை, ஊசி அரசாங்கம் போட்டது. அந்தக் கேட்டைத் தாண்டித்தான் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பஸ்ஸுக்குப் போகிறார்கள், நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்கள் வருகிறார்கள். சமாதானம் சரி, ஆனால் என்ன செய்யப்போகிறார்கள் என்பது காகிதத்தில் வர வேண்டும் என்று நின்றேன். இரண்டு சொந்தக்காரர்கள் இன்றைக்கும் என்னிடம் பேசுவதில்லை.

அந்தக் காகிதத்துக்காகத்தான் கோட்டாட்சியர். போலீஸ் நடந்ததைப் பார்க்கும், இனி நடக்காமல் இருக்க உத்தரவு போட நிர்வாக மாஜிஸ்திரேட் என்ற முறையில் கோட்டாட்சியருக்கு அதிகாரம் இருக்கிறது. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ஸில் 152, பழைய சி.ஆர்.பி.சி.யில் 133. பொதுத் தொல்லை பற்றிய பிரிவு. வழியை அடைத்தால், இடிகிற நிலையில் கட்டடம் இருந்தால் என்று போகிற அந்தப் பட்டியலில், ஆபத்தான விலங்கைக் கொல்லவோ அடைத்து வைக்கவோ வேறு விதமாக அப்புறப்படுத்தவோ உத்தரவிடலாம் என்றும் இருக்கிறது. இந்தத் தேதிக்குள் இதைச் செய், இல்லையென்றால் வந்து காரணம் சொல் என்பது அதன் முறை. திங்கட்கிழமை குறைதீர் நாளில் மனு கொடுத்தோம். அங்கேயும் ஒருவர் தெருநாய் மனுக்களின் கட்டில் செருகப் பார்த்தார், பிரிவு எண்ணை மேலே பெரிதாக எழுதியிருந்ததால் தப்பித்தது. மனுவில் நாயைக் கொல்லுங்கள் என்று கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் பாதித் தெரு நாய் பக்கம் போய்விடும், நியாயமும் இல்லை. கேட்டது இவ்வளவுதான்: சுவரை உயர்த்த வேண்டும், கேட்டுக்கு உள்ளே இன்னொரு கேட் வேண்டும், நாயை அடக்கிப் பிடிக்கத் தெம்புள்ள ஒருவர் இருக்க வேண்டும், வெளியே வந்தால் கயிறும் வாய்மூடியும் வேண்டும், வருஷா வருஷம் ஊசி, கருத்தடை.

வி.ஏ.ஓ.வும் ஆர்.ஐ.யும் வந்து பார்த்தார்கள். சுவர் இடுப்பளவுதான். எல்லாம் மெதுவாக நடந்தது, நடுவில் தேர்தல் பட்டியல் வேலை என்று ஒரு இடைவெளி, விசாரணைக்குக் கூப்பிட்ட நாளில் அதிகாரி வேறு வேலையாகப் போய்விட்டார். அதையெல்லாம் விரித்துச் சொல்ல ஒன்றுமில்லை, பொறுமை வேண்டும். சங்கிலியை இன்னும் குட்டையாக்கிவிடுகிறேன் என்று சித்தப்பா ஒரு யோசனை சொன்னார். கால்நடை மருத்துவர் மறுத்தார்: 1960-ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டத்தில் நாயை நியாயமில்லாத குட்டைச் சங்கிலியில் நெடுநேரம் கட்டுவதும் குற்றம், எப்போதும் கட்டியே போட்டு நடமாட விடாமல் வைப்பதும் குற்றம். கட்டியே கிடக்கிற நாய் அவிழ்ந்த நிமிஷம் என்ன செய்யும் என்பதற்குச் சட்டம் வேண்டாம், அப்பாவின் காலைப் பார்த்தாலே போதும்.

உத்தரவு வரும் முன்பே மகன் சிங்கப்பூரிலிருந்து போனில் பேசினான். முதலில் கோபமாக, "அண்ணே, ஒரு நாய்க்காகக் கோர்ட்டு வரைக்கும் போவீங்களா?" என்றான். அப்பாவின் காயப் படத்தை அனுப்பினேன். மறுநாள் பணம் அனுப்பினான், அப்பாவுக்கு இல்லை, கொத்தனாருக்கு. சுவர் தலைக்கு மேல் உயர்ந்தது, உள்கேட் வந்தது, பின்பக்கம் நிழலில் நாய் நடமாட ஒரு பெரிய வலைக்கூண்டு கட்டினார்கள். ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோய்க் கருத்தடை செய்தார்கள். காலையும் மாலையும் வந்து நாயை நடத்த ஊரில் ஒரு பையனுக்கு மாதச் சம்பளம். இவ்வளவையும் உறுதிமொழியாக எழுதி, கோட்டாட்சியர் அலுவலகக் கோப்பில் சேர்த்து, ஒரு நகலை ஸ்டேஷனில் கொடுத்து சி.எஸ்.ஆரை அந்த அடிப்படையில் முடித்தார்கள். மீறினால் அந்தக் காகிதமே 291-க்குச் சாட்சி, ஆபத்து தெரியாது என்று இனிமேல் யாரும் சொல்ல முடியாது.

போன மாதம் திருச்சியிலிருந்து ஒருவர் அந்த நாயை விலைக்குக் கேட்டாராம். சித்தப்பா என்னிடம் வந்து கொடுக்கலாமா என்றார். கொடுங்கள், ஆனால் இது ஒரு ஆளைக் கடித்த நாய் என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுங்கள் என்றேன். அவர் அதை அப்படியே போனில் சொல்லியிருக்கிறார். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்தவர் அப்புறம் கூப்பிடவில்லை.