அம்பாசடர் 1489 எஞ்சின்: ஆயில் கசிவை மேலிருந்து கீழாகத் தேடியது

பழைய அம்பாசடருக்கு அடியில் ஆயில் சொட்டினால், "பின் மெயின் போச்சு, எஞ்சினை இறக்கணும்" என்பதுதான் பட்டறையில் முதலில் கேட்கும் பேச்சு. பின் மெயின் என்பது கிராங்க் தண்டின் பின்முனையைத் தாங்கும் பேரிங். அவசரப்பட்டு இறக்க வேண்டாம். நாங்கள் பார்த்த இந்த வண்டியில் பெல் ஹவுசிங்கில் (எஞ்சினுக்குப் பின்னால் கிளட்சை மூடியிருக்கும் கூடு) வடிந்ததில் பெரும்பகுதி மேலேயிருந்து வந்த ஆயில்தான்.

இது பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் (பிஎம்சி) பி சீரீஸ் எஞ்சின், 1489 சிசி. கிராங்கின் பின்முனையில் ரப்பர் ஆயில் சீல் கிடையாது. அதற்குப் பதில் மரை மாதிரி ஒரு வெட்டு இருக்கும். கிராங்க் சுழலும்போது அது ஆயிலைத் திருப்பி உள்ளே தள்ளும். எஞ்சின் நின்றதும் அந்த வேலையும் நின்றுவிடும். அதனால் ராத்திரியில் ஓரிரு சொட்டு இதன் சுபாவம். பெல் ஹவுசிங் அடியில் ஒரு துளையும் அதில் தொங்கும் ஸ்பிளிட் பின்னும் இருப்பது அதற்காகத்தான்: வந்த ஆயில் கிளட்ச் பக்கம் தேங்காமல் வெளியேற வேண்டும், அந்த ஸ்பிளிட் பின் ஆடி ஆடித் துளை அடையாமல் பார்த்துக்கொள்ளும். அந்தத் துளையை எம்-சீல் போட்டு அடைப்பது கிளட்ச் பிளேட்டை ஆயிலில் ஊறவைப்பதற்குச் சமம்.

முதலில் எஞ்சினை மண்ணெண்ணெயும் பிரஷும் கொண்டு கழுவி, நன்றாகக் காயவிட்டோம். பிறகு பிளாக் முழுக்க டால்கம் பவுடரை மெல்லிசாகத் தூவி, 20 நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தோம். ஓடும் வண்டியில் காற்று ஆயிலைப் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போகும். ஆகவே ஈரம் தெரியும் இடங்களில் எது மேலே, எது முன்னே என்று பார்த்து அங்கிருந்து தொடங்க வேண்டும். இங்கே பின் சைடு கவரின் (பிளாக்கின் பக்கவாட்டை மூடும் தகடு) கீழ் விளிம்பில் பவுடர் கறுத்து, ஒரு கோடு பிளாக்கின் பின் மூலைக்கு இறங்கி, பெல் ஹவுசிங் இணைப்பில் போய் மறைந்தது. பின் மெயின் கசிவு என்று நினைக்க வைத்தது இந்தக் கோடுதான்.

சைடு கவர் இரண்டு. காற்றும் புகையும் போய்வரும் மேனிஃபோல்டுக்குக் கீழே ஒளிந்திருப்பதால் கை எட்டுவது கஷ்டம். ஒவ்வொன்றையும் நடுவில் ஒரே ஒரு போல்ட் பிடித்திருக்கிறது. கசிகிறதே என்று அதை இறுக்க இறுக்கத் தகடு நடுவில் குழிந்து, ஓரங்கள் தூக்கிக்கொள்ளும், கசிவு கூடும். பி சீரீஸ் பட்டறைக் கையேடு கேட்பது 2 பவுண்டு-அடி, சுமார் 2.7 நியூட்டன் மீட்டர், அவ்வளவுதான். சிறு ஸ்பானரை இரண்டு விரலால் பிடித்துத் திருப்பும் பலம் போதும். கவரைக் கண்ணாடிப் பலகையில் கவிழ்த்து வைத்தபோது ஓரத்தில் இடைவெளி தெரிந்தது. மரக்கட்டைமேல் வைத்துத் தட்டி நேராக்கினோம். கார்க் பேக்கிங் கடையில் கிடந்து காய்ந்து சுருங்கியிருந்ததால் வெதுவெதுப்பான நீரில் 15 நிமிடம் ஊறவைத்துத் துடைத்தோம். கவர் பக்கம் மட்டும் பசை. பிளாக் பக்கம் கொஞ்சம் கிரீஸ். சிலிகானை அள்ளிப் பூசுவதை நாங்கள் ஒப்புக்கொள்வதில்லை. பிதுங்கி உள்ளே போகும் துணுக்கு சேம்பரில் (அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) விழுந்து, ஆயில் பம்ப்பின் வலையான ஸ்ட்ரெயினரை அடைக்கும். போல்ட் வாஷரையும் மாற்றியாயிற்று. பழைய வாஷர் வழியாகவும் ஆயில் வரும்.

முன் சைடு கவரில்தான் எஞ்சினுக்குள் சேரும் அழுத்தத்தை வெளியே விடும் பிரீதர் குழாய். அதற்குள் இருந்த கம்பி வலையில் கரி கெட்டியாகப் பிடித்திருந்தது. பிரீதர் அடைந்தால் கிராங்க்கேஸ் அழுத்தம் எந்த பேக்கிங்கையும் தள்ளிக்கொண்டு வெளியே வரும். மண்ணெண்ணெயில் ஊறவைத்து, காற்றடித்து, ஆயில் மூடியின் வலையையும் அப்படியே சுத்தம் செய்தோம். இதற்குப் பிறகும் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வரும் வண்டிக்கு பிஸ்டன் ரிங் வேலை பார்க்காமல் பேக்கிங் மாற்றிப் பயனில்லை. இந்த வண்டியில் அப்படி இல்லை.

மேலே எஞ்சின் தலையை மூடும் டேப்பட் கவருக்குப் புது கார்க், 4 பவுண்டு-அடி. முன்னால் டைமிங் கவர் சீல் மாற்றும்போது இரண்டு விஷயம்: கிராங்க் முனையில் உள்ள ஆயில் திரோயரில் (ஆயிலை விசிறித் தள்ளும் வட்டத் தகடு) 'எஃப்' என்ற எழுத்து இருந்தால் அது முன்பக்கம் பார்க்க வேண்டும், கவர் போல்ட்டுகளை லூசாக விட்டு, புல்லியைச் செருகி, சீல் மையத்தில் உட்கார்ந்த பிறகுதான் இறுக்க வேண்டும். புல்லிக் கழுத்தில் நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம் இருந்தால் புது சீலும் நிற்காது. சேம்பர் போல்ட்டுகளுக்கு 6 பவுண்டு-அடி; துளையைச் சுற்றிக் குழிந்த தகட்டை முதலில் தட்டி நேராக்க வேண்டும்.

ஆயில் 20டபிள்யூ-50, டிப்ஸ்டிக்கின் மேல் கோட்டுக்குச் சற்றுக் கீழே. முன்பக்கம் மேடாக நிறுத்தினால் ஆயில் பின்பக்கம் சாய்ந்து கசிவு கூடுகிறது, அதனால் சமதளத்தில் நிறுத்தி அட்டை விரித்துப் பார்த்தோம். வேலைக்கு முன் அட்டையில் உள்ளங்கை அளவு கறை. இப்போது ஸ்பிளிட் பின்னுக்கு நேர் கீழே ஒரு ரூபாய்க் காசளவு.

மிச்சம் இருப்பது பின் மெயினின் பங்கு. கிளட்ச் பிளேட் மாற்ற எஞ்சின் இறங்கும் நாளில், பின் மெயின் கேப்பில் இருக்கும் வடிகுழாய் கசடால் அடைந்திருக்கிறதா என்று கம்பி விட்டுப் பார்க்க வேண்டும். அதுவரை அட்டை அங்கேயே கிடக்கும்.