பட்டியலில் 23 பேர்

மன்னார்குடியில் அப்பாவின் காலை இப்படித்தான் ஆரம்பிக்கும். லேப்டாப்பின் பொத்தானை அழுத்திவிட்டுத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கொல்லைக்குப் போவார். செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றி, குளித்து, நெற்றியில் விபூதியோடு வந்து உட்காரும்போது திரை தயாராக இருக்கும். பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது இதைப் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, திறக்க இவ்வளவு நேரமா?" என்று கேட்டேன். "டீசல் வண்டி மாதிரிதான். சூடாகணும்ல" என்றார். அவருக்கு அதில் ஒரு குறையும் இல்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை.

2017-ல் வாங்கிய லேப்டாப் அது. ஐ3 பிராசஸர், 4 ஜிபி ராம், நிமிடத்துக்கு 5400 முறை சுற்றும் 1 டிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. அப்பா ஓய்வூதியர் சங்கத்தில் செயலாளர். கருவூலத்துக்கு மனு, கூட்டத் தீர்மானம், உறுப்பினர்களுக்குச் சுற்றறிக்கை எல்லாம் இதில்தான் அடிப்பார். தெருமுனையில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் தம்பி, "பார்மட் போட்டுடலாம் சார்" என்று ஏற்கெனவே சொல்லியிருந்தாராம். போட்டால் வேகம் வரும்தான். ஆனால் எதனால் மெதுவானது என்று தெரியாமலே போய்விடும், அடுத்த பொங்கலுக்கு அதே இடத்தில் வந்து நிற்போம்.

முதலில் போனில் ஸ்டாப்வாட்ச் வைத்து அளந்தேன். திரையில் கம்பெனிப் படம் வந்ததிலிருந்து டெஸ்க்டாப் தெரிய 1 நிமிடம் 50 வினாடி. அது பரவாயில்லை. வேர்டைத் திறந்து முதல் எழுத்தை அடிக்கிறவரை பார்த்தால் 8 நிமிடம் 40 வினாடி. விண்டோஸ் எழுந்து உட்கார இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, மீதி நேரத்தை வேறு யாரோ தின்கிறார்கள்.

அளக்கும்போது நான் ஒரு கோட்டை விட்டேன். ஷட் டவுன் செய்து திறப்பதும் ரீஸ்டார்ட் செய்வதும் ஒன்றல்ல. விண்டோஸ் 8 வந்ததிலிருந்து பாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. ஷட் டவுன் கொடுத்தால், நாம் திறந்து வைத்ததையெல்லாம் மூடிவிட்டு, விண்டோஸின் உள்பகுதியை மட்டும் அப்படியே டிஸ்கில் எழுதி வைத்துக்கொள்ளும். அடுத்த முறை அதை எடுத்து விரித்துக்கொள்ளும். எல்லாம் முதலிலிருந்து நடப்பது ரீஸ்டார்ட்டில்தான். நான் இரண்டையும் மாற்றி மாற்றி அளந்து, ஒன்றுமே செய்யாமல் வேகம் கூடிவிட்டதாக ஒரு மணி நேரம் சந்தோஷமாக இருந்தேன். அப்புறம் ரீஸ்டார்ட் மட்டும்தான் என்று வைத்துக்கொண்டேன்.

கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால், என்னென்ன ஓடுகிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜர் வரும். சின்னப் பெட்டியாக வந்தால் கீழே 'மோர் டீடெய்ல்ஸ்' என்பதைத் தட்ட வேண்டும். மேலே 'ஸ்டார்ட்அப்' என்று ஒரு தாவல், விண்டோஸ் எழுந்ததும் தானாகக் கிளம்பும் நிரல்களின் பட்டியல். புது விண்டோஸ் 11-ல் இது இடப்பக்க வரிசைக்குப் போய்விட்டது. விண்டோஸ் 7 காலத்தில் எம்எஸ்கான்பிக் என்று அடித்துப் போய்ப் பார்ப்போமே, அந்தப் பட்டியல்தான் 2012-ல் விண்டோஸ் 8 வந்தபோது இங்கே குடிவந்தது.

அப்பாவின் பட்டியலில் 23 வரிகள். அதில் 19 'எனேபிள்டு', அதாவது தானாகக் கிளம்ப அனுமதி உள்ளவை. பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்த அப்பா, "யாருடா இவங்கல்லாம்?" என்றார். நியாயமான கேள்வி. பிரிண்டரின் மை அளவைச் சொல்லும் நிரல் ஒன்று இருந்தது. அந்தப் பிரிண்டரைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டு மூன்று வருடம் ஆகிறது. அக்கா பையன் கோடை விடுமுறைக்கு வந்தபோது ஏற்றிய, கேம் வாங்கும் கடைச் செயலி ஒன்று. ஊரடங்கு சமயத்தில் ஒரே ஒரு காணொளிக் கூட்டத்துக்காகப் போட்ட அழைப்புச் செயலி. பாட்டுச் செயலி. அப்பா எப்போதோ வைத்திருந்த போனை இணைக்கும் மென்பொருள். தங்களுக்குப் புதுப் பதிப்பு வந்திருக்கிறதா என்று தினமும் எட்டிப் பார்க்கும் அப்டேட்டர்கள் நான்கு.

சுற்றும் ஹார்ட் டிஸ்கில் இதனால்தான் மூச்சுமுட்டுகிறது. படிக்கும் முள்ளைத் தாங்கும் கை ஒன்றுதான். அது ஒரு சமயத்தில் ஓர் இடத்தில்தான் இருக்க முடியும். பந்தியில் பரிமாற ஒரே ஆளை விட்டு, 19 இலையிலிருந்தும் ஒரே நேரத்தில் சாம்பார், ரசம், அப்பளம் என்று கூப்பிட்டால் என்ன ஆகும்? அவர் ஓடுவதிலேயே நேரம் போய்விடும், எந்த இலையிலும் சோறு விழாது. டாஸ்க் மேனேஜரில் அந்த ஏழு நிமிடமும் டிஸ்க் 100 சதவீதத்தில் நின்றது. பிராசஸர் பாட்டுக்கு 20, 30 என்று சும்மா இருந்தது.

பட்டியலில் 'ஸ்டார்ட்அப் இம்பாக்ட்' என்று மேலிருந்து கீழாக ஒரு பத்தி உண்டு, தொடக்கத்தை யார் எவ்வளவு இழுக்கிறார்கள் என்று சொல்வது. ஹை, மீடியம், லோ என்று போட்டிருக்கும். இதை வைத்துக்கொண்டு முடிவெடுக்கலாம் என்றுதான் நானும் நினைத்தேன். பிராசஸர் நேரம் ஒரு வினாடியைத் தாண்டினாலோ, டிஸ்கில் 3 எம்பிக்கு மேல் படித்து எழுதினாலோ 'ஹை' போட்டுவிடும். ஆக 4 எம்பி படிப்பதும் ஹை, 90 எம்பி படிப்பதும் ஹை. இந்தப் பத்தியை விட, தலைப்பு வரிசையில் ரைட் கிளிக் செய்தால் வரும் மற்ற பத்திகள் எனக்கு உதவின. 'டிஸ்க் ஐ/ஓ அட் ஸ்டார்ட்அப்' என்பதை இழுத்து வைத்ததும் யார் எவ்வளவு தின்கிறார்கள் என்று எண்ணாகவே தெரிந்தது. 'கமாண்ட் லைன்' என்பது இன்னும் முக்கியம். பட்டியலில் இரண்டு வரிகளுக்குப் பெயரே வெறும் 'புரோகிராம்' என்று இருந்தது, படமும் இல்லை. வைரஸ் என்று பயந்தேன். கமாண்ட் லைனைப் பார்த்தால், எப்போதோ நீக்கிய மென்பொருளின் முகவரி. 'புரோகிராம் பைல்ஸ்' என்ற போல்டர் பெயரில் நடுவே இடைவெளி இருக்கிறதல்லவா, மேற்கோள் குறி இல்லாமல் எழுதப்பட்ட முகவரியை விண்டோஸ் அந்த இடைவெளியோடு வெட்டிப் படித்து, முதல் சொல்லையே பெயராகக் காட்டியிருக்கிறது.

சரி, உற்சாகம் வந்துவிட்டது. ஒவ்வொன்றாக ரைட் கிளிக், டிஸேபிள். டச்பேட், ஒலி, விண்டோஸின் பாதுகாப்புச் சின்னம் இதையெல்லாம் விட்டுவிட்டேன். மற்றபடி தெரியாததையெல்லாம் வெட்டினேன். ஒரே மூச்சில் 13. ரீஸ்டார்ட். 5 நிமிடம் 10 வினாடி. இன்னும் வேலை இருக்கிறது, ஆனாலும் மூன்றரை நிமிடம் மிச்சம். அன்று ராத்திரி பெருமையோடு சென்னைக்குப் பஸ் ஏறினேன்.

காலை எட்டே முக்காலுக்கு அப்பா கூப்பிட்டார்.

"டேய், கீபோர்டு போயிடுச்சு. யளனக அடிச்சா ஏ எஸ் டி எப் வருது."

அப்பா அந்தக் காலத்தில் தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவர். கம்ப்யூட்டரிலும் அதே பழைய தட்டச்சு முறைதான் வேண்டும். அதற்கென்று இலவச மென்பொருள் ஒன்றைப் பல வருடத்துக்கு முன் நான்தான் போட்டுக் கொடுத்திருந்தேன். திரையின் கீழ் மூலையில் சின்னப் படமாக உட்கார்ந்துகொண்டு, அடிக்கும் விசையை வாங்கித் தமிழாக்கிக் கொடுக்கும். பட்டியலில் அதற்கு 'பப்ளிஷர்' கட்டம் காலியாக இருந்தது. பெயரும் ஏதோ சுருக்கெழுத்து. யார் பெற்ற பிள்ளையோ என்று வெட்டிவிட்டேன். அந்த வீட்டில் தினமும் உண்மையிலேயே வேலை செய்கிற ஒரே நிரல் அதுதான்.

போனில் வழிகாட்ட ஆரம்பித்தேன். "கன்ட்ரோலை அழுத்திப் பிடிங்கப்பா. விடாம ஷிப்ட். விடாம எஸ்கேப்." "மூணு விரல் போதுமா?" "போதும்." "ஒண்ணும் வரலை." எஸ்கேப் என்று நினைத்து அவர் அழுத்தியது எப் ஒன்று. வந்தது ஏதோ ஒரு உதவிப் பக்கம். அதை மூடி, மறுபடியும் ஆரம்பித்து, இருபது நிமிடம் போயிற்று. கருவூலத்துக்கு மனு அன்று பத்து மணிக்குள் போக வேண்டுமாம். பின்னால் அம்மாவின் குரல் கேட்டது: "டெஸ்க்டாப்ல அந்த 'அ' படம் இருக்கே, அதைத் தட்டிப் பாருங்களேன்." தட்டினார். தமிழ் வந்துவிட்டது. எனக்கு அது தோன்றவே இல்லை. ஸ்டார்ட்அப்பில் நிறுத்தினால் தானாகக் கிளம்புவதுதான் நிற்கும், மென்பொருள் எங்கும் போய்விடாது என்று ஊருக்கெல்லாம் சொல்பவன் நான்.

சித்திரையில் மறுபடி போனபோது முதல் வேலையாக அதை எனேபிள் செய்தேன். இந்த முறை அப்பாவின் சங்க நோட்டில் கடைசிப் பக்கத்தைக் கிழித்து வைத்துக்கொண்டேன். எதை நிறுத்தினேன், என்றைக்கு, நேரம் எவ்வளவு குறைந்தது. ஒரு முறைக்கு இரண்டுக்கு மேல் இல்லை. மந்தமான வேலைதான், ஆனால் ஏதாவது கெட்டால் கடைசி இரண்டு வரியைப் பார்த்தால் போதும்.

5 நிமிடத்துக்குக் கீழே இறங்காததற்குக் காரணம் வேறு இடத்தில் இருந்தது. டாஸ்க் மேனேஜர் காட்டுவது பெரும்பாலும், விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதி வைக்கும் ரெஜிஸ்ட்ரியின் 'ரன்' பகுதியில் எழுதியிருப்பதையும், ஸ்டார்ட்அப் போல்டரில் கிடப்பதையும்தான். திரையில் தெரியாமல் பின்னணியில் சர்வீஸாக ஓடுபவை அதில் வராது. டாஸ்க் ஷெட்யூலரில், 'பயனர் உள்ளே வந்ததும் இதைக் கிளப்பு' என்று எழுதி வைத்திருப்பவையும் வராது. வாசலில் நிற்பவரை மட்டும் எண்ணிவிட்டு, கொல்லை வழியாக வந்தவர்களை விட்டுவிட்டேன்.

எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்க ஆட்டோரன்ஸ் என்று ஒரு கருவி இருக்கிறது. மார்க் ருசினோவிச்சும் பிரைஸ் காக்ஸ்வெல்லும் தொடங்கிய சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் வருவது. 2006-ல் மைக்ரோசாப்ட் அதை வாங்கிவிட்டது, அதனால் மைக்ரோசாப்ட் தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது. வேறெங்கும் இறக்க வேண்டாம். நிறுவவும் தேவையில்லை, அட்மினிஸ்ட்ரேட்டராக ஓடவிட்டால் போதும். திறந்ததும் வருகிற நீளத்தைப் பார்த்துத் தலை சுற்றும். 'ஹைட் மைக்ரோசாப்ட் என்ட்ரீஸ்' என்பதைப் போட்டதும் கூட்டம் கலைந்து, வெளியாட்கள் மட்டும் மிஞ்சுவார்கள். மஞ்சளாக இருந்தால் அந்தப் பைலே இப்போது இல்லை என்று பொருள். அப்பா லேப்டாப்பில் மஞ்சள் வரிகள் ஏழு. டிக்கை எடுத்தால் நிறுத்தம் மட்டும்தான், திரும்பப் போட்டுக்கொள்ளலாம். டெலீட் கொடுத்தால் போனது போனதுதான். யளனக அனுபவத்துக்குப் பிறகு நான் டெலீட் பக்கமே போகவில்லை.

அதில்தான் அகப்பட்டது, லேப்டாப் வாங்கும்போதே உள்ளே இருந்த ஆன்டிவைரஸ். இலவசக் காலம் முடிந்து பல வருடம். அப்பாவே ஒருநாள் அதை அன்இன்ஸ்டால் செய்திருந்தார். ஆனாலும் அதன் இரண்டு சர்வீஸும் ஒரு டிரைவரும் போகாமல் ஒட்டிக்கொண்டிருந்தன. இதை டிக் எடுத்து நிறுத்தப் பார்க்க வேண்டாம். டிரைவர்கள் விண்டோஸின் அடிமட்டத்தில் ஓடுபவை, அரைகுறையாகக் கழற்றினால் கம்ப்யூட்டர் எழும்பாமலே போகலாம். இந்த மாதிரி கம்பெனிகள் தங்கள் மென்பொருளை முழுதாகத் துடைத்தெடுக்கத் தனிக் கருவி கொடுப்பது வழக்கம். அதைத் தேடி இறக்கி ஓடவிட்டேன். ஒரு ரீஸ்டார்ட். 3 நிமிடம் 25 வினாடி.

நிறுத்திய பாட்டுச் செயலி இதற்கிடையே வேறொரு வரியாக மறுபடி முளைத்திருந்தது, அப்டேட் ஆகும்போது. அதன் செட்டிங்ஸுக்குள்ளேயே போய் 'தானாகத் தொடங்கு' என்பதை அணைத்த பிறகுதான் அடங்கியது. இன்னொன்று: ரீஸ்டார்ட் செய்தால் பிரவுசர் தானாகவே திறந்துகொண்டிருந்தது, ஆனால் எந்தப் பட்டியலிலும் இல்லை. செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ், சைன்-இன் ஆப்ஷன்ஸ் போனால் 'ரீஸ்டார்ட் ஆப்ஸ்' என்று ஒன்று இருக்கிறது. மூடும்போது திறந்திருந்தவற்றைத் திரும்பத் திறக்கும் வசதி. அதை அணைத்தேன்.

அதற்கு மேல் இறங்கவில்லை. பந்தியில் கூட்டத்தைக் குறைத்தாயிற்று, பரிமாறுபவர் அதே ஆள்தானே. கடைசியில் சுற்றும் பாகமே இல்லாத 256 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று வாங்கி, பழைய டிஸ்கில் இருந்ததையெல்லாம் அதில் நகலெடுத்து மாற்றினேன். வேர்டில் முதல் எழுத்து அடிக்க இப்போது 38 வினாடி. முதலிலேயே இதைச் செய்திருந்தால் இத்தனை பாடு இல்லை என்று நண்பன் சிரிக்கிறான். உண்மைதான். ஆனால் அந்த இறந்துபோன ஆன்டிவைரஸும் பிரிண்டர் நிரலும் புது டிஸ்கிலும் வந்து உட்கார்ந்து, 4 ஜிபி ராமில் பங்கு கேட்டுக்கொண்டிருந்திருக்கும்.

போன வாரம் அப்பா கூப்பிட்டார். "என்னமோ பண்ணிட்டே, இப்ப பாஸ்வேர்டு கேக்குது." நான் எந்தப் பாஸ்வேர்டும் போடவில்லையே என்று விசாரித்தேன். காலையில் பொத்தானை அழுத்திவிட்டு வழக்கம்போலக் கொல்லைக்குப் போகிறார். லேப்டாப் ஒரு நிமிடத்துக்குள் எழுந்து, யார் கையும் படாமல் காத்திருந்து பார்த்துவிட்டு, அவர் குளித்து வருவதற்குள் தூங்கிவிடுகிறது. எழுப்பினால் கடவுச்சொல் கேட்கிறது.

"அப்பா, குளிச்சிட்டு வந்து போடுங்களேன்" என்றேன்.

"அதெப்படிடா? சூடாக வேணாமா?"