மறுபடியும் ப்ளஸ் டூ சான்றிதழிலிருந்து

கடலூர் மஞ்சக்குப்பத்தில் நான் வேலை பார்க்கும் தனியார் மருத்துவமனையில் நர்ஸ் வேலைக்கு ஆள் எடுக்கும்போது, வார்டு இன்சார்ஜ் என்ற முறையில் என்னையும் உட்கார வைப்பார்கள். வருகிற பெண்கள் பெரும்பாலும் விருத்தாசலம், திட்டக்குடி, பண்ருட்டி, குறிஞ்சிப்பாடிப் பக்கத்துக் கிராமங்களைச் சேர்ந்தவர்கள். ஃபைலைத் திறந்ததும் நான் தேடுவது தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தின் பதிவுச் சான்றிதழை. அது இல்லாமல், வழவழப்பான தாளில் 'டிப்ளமோ இன் நர்சிங்' என்று அச்சடித்து ஏதோ ஓர் அறக்கட்டளையின் முத்திரை மட்டும் இருந்தால் மனசு கனத்துப்போகும். "கவுன்சில் ரிஜிஸ்ட்ரேஷன் எங்கம்மா?" என்று கேட்டால், "இன்னும் வரலை சிஸ்டர், காலேஜ்ல வாங்கித் தர்றதா சொல்லியிருக்காங்க" என்பார்கள்.

அது வராது. இதை அந்தப் பெண்ணிடம் யாராவது ஒருவர் சொல்லியாக வேண்டும். இந்திய நர்சிங் கவுன்சில் 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. மாநிலக் குழுமம் அதற்கும் முன்பே, 1926-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஏற்பட்டது. எந்தப் பாடத்தை எத்தனை வருஷம் எப்படி நடத்த வேண்டும், யாரைப் பதிவு செய்யலாம் என்பதெல்லாம் இவர்கள் விதிப்படிதான். ஒரு பெண் சேரும்போது அந்தப் பள்ளிக்கு இவர்களின் அங்கீகாரம் இருந்திருக்க வேண்டும். இந்த மாதிரி டிப்ளமோ தரும் இடங்களுக்கு அது இருப்பதில்லை. படித்து முடித்த பிறகு பின்தேதியிட்டு வாங்கித் தர யாராலும் ஆகாது. 1947 சட்டத்துக்குப் பதிலாக 2023-இல் தேசிய செவிலியர், பிரசவ உதவியாளர் ஆணையச் சட்டம் நிறைவேறியது. அதிலும் அடிப்படை இதுதான்: பதிவேட்டில் பெயர் இருந்தால்தான் நர்ஸ்.

பதிவு இல்லாவிட்டால் அரசு வேலைக்கான எம்.ஆர்.பி. (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) தேர்வுக்கு விண்ணப்பிக்க முடியாது. டிப்ளமோ நர்ஸ்கள் மேலே படிக்கும் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. நர்சிங்கில் சேரவும் முடியாது. வளைகுடா நாடுகளுக்குப் போகலாம் என்றால், அங்கே டேட்டாஃப்ளோ என்று ஒரு சரிபார்ப்பு உண்டு. சான்றிதழ் கொடுத்த இடத்திலும் கவுன்சிலிலும் நேரடியாகக் கேட்டு உறுதி செய்த பிறகுதான் லைசென்ஸ் பேச்சே. ஏஜென்டிடம் பணம் கட்டிய பிறகு இந்த இடத்தில் மாட்டிக்கொண்ட குடும்பங்களை எனக்குத் தெரியும்.

இந்தப் பெண்களுக்கு வேலை தெரியாது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். படுக்கையில் இருக்கும் நோயாளிக்குப் புண் வராமல் திருப்பிப் படுக்க வைப்பது, பி.பி. பார்ப்பது, மூக்குக் குழாய் வழியாகக் கஞ்சி கொடுப்பது, மூத்திரப் பையை அளந்து எழுதுவது எல்லாம் பலர் சுத்தமாகச் செய்வார்கள். 2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயல் கடலூரைப் புரட்டிப் போட்டபோது, வீட்டுக் கூரை என்ன ஆனதோ என்ற பதற்றத்தோடேயே வார்டில் நின்றவர்களில் பாதிப் பேர் இப்படிப் படித்து வந்த அசிஸ்டெண்ட் பெண்கள்தான். அந்த நாட்களை நினைத்தால் அவர்கள் மீது எனக்கு இருக்கும் மரியாதை இன்னும் கூடுகிறது.

ஆனால் இந்த மரியாதையைக் காட்டியே அவர்களைச் சுரண்டுவதும் நடக்கிறது. பதிவு பெற்ற நர்ஸுக்குக் கொடுக்கும் சம்பளத்தில் பாதியும் இல்லாமல், அதே நைட் டூட்டி, அதே வென்ஃப்ளான் (மருந்து ஏற்ற நரம்பில் செருகும் குழாய்) போடுவது, அதே மருந்து கலப்பது என்று வேலை வாங்கும் சிறு மருத்துவமனைகள் எத்தனையோ. மருந்து மாறிப்போய் ஒரு நோயாளிக்கு ஏதாவது ஆகிவிட்டால், "அந்தப் பொண்ணு நர்ஸே இல்லையே" என்று முதலில் கைகழுவுவதும் அதே நிர்வாகமாகத்தான் இருக்கும். அதனால் எங்கள் வார்டில் அசிஸ்டெண்ட் யாரும் தனியாக ஊசி போடக் கூடாது என்பதில் நான் கறாராக இருக்கிறேன். ஆள் பற்றாக்குறை நாட்களில் இதற்காக நிர்வாகத்தோடு சண்டை வந்திருக்கிறது. வரட்டும்.

போன வருஷம் திட்டக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் அசிஸ்டெண்டாகச் சேர்ந்தாள். வயசு 23. ப்ளஸ் டூவில் காமர்ஸ் குரூப், மார்க் அறுபது சதவீதத்துக்கு மேல். "காமர்ஸ் படிச்சாலும் நர்ஸ் ஆகலாம், தவணையில கட்டலாம்" என்று சொல்லிச் சேர்த்திருக்கிறார்கள். இரண்டு வருஷம், அப்பா அடகு வைத்த நகை, எல்லாம் போயிருக்கிறது. ஒரு நைட் டூட்டியில் கேட்டாள்: "அக்கா, இதை வச்சு மேல ஏதாவது படிக்க முடியுமா?"

இந்தக் கேள்விக்கு நான் எல்லோரிடமும் சொல்வதையே அவளிடமும் சொன்னேன். அந்தச் சான்றிதழை வைத்து மேலே எதையும் கட்டாதே. அட்வான்ஸ்டு டிப்ளமோ, லேட்டரல் என்ட்ரி, தபால் வழி பி.எஸ்சி. நர்சிங் என்று யார் வந்தாலும் பணம் கொடுத்துவிடாதே. வேர் இல்லாத மரத்தில் ஏணி சாத்துகிற வேலை அது. உன்னிடம் இருக்கும் செல்லுபடியான காகிதம் உன் ப்ளஸ் டூ மதிப்பெண் சான்றிதழ்தான். அங்கிருந்து தொடங்கு.

தொடங்க வழி இருக்கிறது. ஜி.என்.எம். (ஜெனரல் நர்சிங் அண்ட் மிட்வைஃபரி) என்பது மூன்று வருஷ நர்சிங் டிப்ளமோ படிப்பு. கவுன்சில் விதிப்படி ப்ளஸ் டூவில் 40 சதவீதம் இருந்தால் போதும், எந்த குரூப்பாக இருந்தாலும் சரி, 35 வயது வரை சேரலாம். அரசு நர்சிங் பள்ளிகளில் கட்டணம் மிகக் குறைவு. எந்த குரூப்புக்கு இடம் தருகிறார்கள் என்பதை மட்டும் அந்த வருஷத்து விளக்கக் குறிப்பேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு வருஷ ஏ.என்.எம். (துணை செவிலியர்) படித்தால் கிராம சுகாதார செவிலியர் வேலைக்கு வழி. அதைப் பதிவு செய்துவிட்டுப் பிறகு ஜி.என்.எம். சேரவும் முடியும். ஜி.என்.எம். முடித்துப் பதிவு செய்தால் இரண்டு வருஷ போஸ்ட் பேசிக், அப்புறம் எம்.எஸ்சி. என்று போய்க்கொண்டே இருக்கலாம். பி.எஸ்சி. நர்சிங்குக்கு மட்டும் இயற்பியல், வேதியியல், உயிரியல் கட்டாயம்.

"அப்ப இந்த ரெண்டு வருஷம் வீணாக்கா?" என்றாள். படிப்புக் கணக்கில் வீண்தான், அதை மறைக்க எனக்கு மனசில்லை. ஆனால் அவள் கைக்கு வந்த பழக்கம் வீணாகாது. ஜி.என்.எம். முதல் வருஷத்தில் மற்றவர்கள் பெட் மேக்கிங்கிலேயே தடுமாறும்போது இவள் நிதானமாக நிற்பாள்.

சயின்ஸ் குரூப் படித்தவர்களுக்கு இன்னொரு பாதையும் இருக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரிகளில் டயாலிசிஸ், தியேட்டர், மயக்க மருந்து டெக்னீஷியன் போன்ற ஒரு வருஷச் சான்றிதழ்ப் படிப்புகள் உண்டு. சிதம்பரத்தில் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி இப்போது கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரியாகிவிட்டதால் விசாரிக்கச் சென்னைக்கு ஓட வேண்டியதில்லை. தனியார் லேப் டெக்னீஷியன் படிப்புகளிலும் நர்சிங்கில் நடக்கும் இதே ஏமாற்று நடப்பதால் அங்கேயும் அங்கீகாரம் பார்த்துத்தான் சேர வேண்டும். விலங்கியல், தாவரவியல் போன்ற பட்டம் முடித்தவர்களை 108 ஆம்புலன்ஸில் மருத்துவ உதவியாளராக எடுத்துப் பயிற்சி கொடுக்கிறார்கள்.

கல்யாணமாகி, கைக்குழந்தையோடு மூன்று வருஷம் ஹாஸ்டலில் இருக்க முடியாதவர்களும் வருவார்கள். அவர்களிடம் ஜி.என்.எம். என்று பாடம் நடத்துவதில் அர்த்தமில்லை. திறன் மேம்பாட்டுத் திட்டங்களில் ஜெனரல் டியூட்டி அசிஸ்டெண்ட் என்று சில மாதப் பயிற்சி இருக்கிறது. அது நர்ஸ் பட்டம் ஆகாது, ஆனால் அது என்னவோ அதை நேர்மையாகச் சொல்கிற சான்றிதழ். கடலூரிலிருந்து ஒரு மணி நேர பஸ்ஸில் புதுச்சேரி. அங்கே ஜிப்மரில் வைத்தியம் முடிந்து குழாயோடு வீடு திரும்புகிறவர்கள், பிள்ளைகள் பிரான்சில் இருக்க இங்கே தனியாக இருக்கும் பென்ஷன்காரப் பெரியவர்கள் என்று வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள ஆள் தேடும் குடும்பங்கள் ஏராளம். வேலைக்குச் சேரும்போதே 'நர்ஸ்' என்று சொல்லாமல் 'பராமரிப்பு உதவியாளர்' என்று எழுதி வாங்கச் சொல்வேன். என்ன செய்வேன், என்ன செய்ய மாட்டேன் என்பதும் அதில் இருக்க வேண்டும். ஊசி போடுவது இரண்டாவது பட்டியலில் வரும்.

இவ்வளவும் சொன்ன பிறகு அந்தப் பெண் தயங்கித் தயங்கி ஒன்று சொன்னாள். டி.சி.யும் மதிப்பெண் சான்றிதழும் அந்த நிறுவனத்திடமே இருக்கின்றனவாம், மீதித் தவணையைக் கட்டினால்தான் தருவார்களாம். சான்றிதழ் விற்பனைப் பொருள் அல்ல, பாக்கிக்காக அதைப் பிடித்து வைக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசமாக உதவி செய்வார்கள். டூட்டி முடிந்ததும் அவள் அப்பாவைப் போனில் கூப்பிட்டு, முதலில் ஒரிஜினலைக் கேட்டு எழுத்தில் ஒரு கடிதம் கொடுங்கள், நகல் ஒன்று கையில் இருக்கட்டும், தராவிட்டால் கடலூர் வந்துவிடுங்கள், ஆணைக்குழுவுக்கு நானே கூட வருகிறேன் என்றேன்.